தைராய்டு ஆபரேஷனும் குரலும்: கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கேட்பது?

வாக்குவா டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் தைராய்டின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி இருக்கிறது. ஸ்கேனில் நாலு சென்டிமீட்டர் என்று வந்தது. ஊசி குத்தி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் வலப் பாதியை எடுத்து முழுசாகச் சோதித்துவிடலாம் என்கிறார் சர்ஜன். வருடக் கடைசி லீவில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

சம்மதத் தாளில் மற்ற வரிகளுக்கு நடுவே "குரல் மாற்றம் ஏற்படலாம்" என்று ஒரு வரி இருந்தது. கேட்டதற்கு, அபூர்வம்தான், பயப்படாதே என்று கிரியோல் மொழியில் இரண்டு வார்த்தை சொன்னார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

பேசினால்தான் எனக்குப் பிழைப்பு. ஒரு வகுப்பு முடிந்தால் அடுத்த வகுப்பு, எல்லாவற்றிலும் உரக்கப் பேச வேண்டும். அது போக, தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோவிலில் பெண்கள் பாடும்போது அடியெடுத்துக் கொடுப்பது நான்தான். அபூர்வம் என்றால் எத்தனை பேரில் ஒருவர்? போன குரல் திரும்புமா? ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வகுப்பில் நிற்க முடியுமா?

அம்மாவும் மாமியாரும் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார்கள். வேறு எந்த விஷயத்திலும் இவர்கள் இருவரும் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.


கோவில் மணி

அம்மா, பெரியவர்கள் சொன்னால் கேள். எங்கள் திரியோலே பக்கத்தில் ஒரு அத்தை இருந்தார். கழுத்தில் கழலை. நான் சிறுவனாக இருந்தபோது அறுத்து எடுத்தார்கள். அதற்கு முன்னால் அவர் கூப்பிட்டால் கரும்புத் தோட்டத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். அப்புறம் காத்தோடு காத்தாகத்தான் பேசினார், கடைசி வரைக்கும். கழுத்தில் கத்தி வைத்தால் குரல் போச்சு என்று ஊரே சொல்லும். கட்டி வலிக்கவில்லை என்றால் விட்டுவிடு. முருகன் பார்த்துக்கொள்வான்.


எபேன் சென்னைக்காரன்

டீச்சர், நேராகச் சொல்கிறேன், சென்னைக்குப் போய் விடுங்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் நரம்பு மானிட்டர் வைத்துத்தான் செய்கிறார்கள். மூச்சுக்குழாயில் விடும் டியூபிலேயே மின்முனை இருக்கும். நரம்பைத் தொட்டால் மெஷின் சத்தம் கொடுத்துவிடும். குரலை வைத்துச் சம்பாதிப்பவர்கள் இந்த மாதிரி விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது.

அமெலிட்டா கல்லி-குர்ச்சி என்று ஓர் இத்தாலிய ஆப்பெராப் பாடகி. 1935-இல் அமெரிக்காவில் கழலை ஆபரேஷன் செய்துகொண்டார். மேல் ஸ்வரத்துக்குப் போகும் நரம்பு வெட்டுப்பட்டு, அத்தனை பெரிய குரல் ஒரே நாளில் போனது. இது மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிற கதை.


ரோஸ் ஹில் சிஸ்டர்

தங்கச்சி, நான் காது மூக்கு தொண்டை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியைக் கட்டில் ஓரத்தில் நின்று நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்.

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. இரட்டைக் கதவு மாதிரி. மூச்சு விடும்போது திறக்கும், பேசும்போதும் விழுங்கும்போதும் சேர்ந்து மூடும். பெண்களுக்குப் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 தடவை அதிரும். ஒவ்வொரு நாணையும் திறந்து மூட வைப்பது அந்தந்தப் பக்கத்து ரெக்கரன்ட் நரம்பு. இது மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வராது. நெஞ்சு வரை இறங்கி, இடப்பக்கம் மகா தமனியைச் சுற்றியும், வலப்பக்கம் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றியும் திரும்பி மேலே ஏறும். ஏறும்போது தைராய்டின் முதுகை ஒட்டியே போகிறது. அதனால்தான் தைராய்டைத் தொடுகிற எந்த சர்ஜனும் முதலில் இந்த நரம்பைத் தேடுகிறார். வலப்பக்கத்தில் நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு, இது சுற்றாமல் கழுத்திலேயே குறுக்கே வந்துவிடும். அனுபவம் உள்ளவர்களுக்கு அதுவும் தெரியும்.

மணி ஐயா சொன்ன அத்தையின் கதையை நான் நம்புகிறேன். அந்தக் காலத்தில் நரம்பைக் கண்ணால் பார்த்து ஒதுக்கி வைத்துவிட்டு வெட்டுவது எல்லா இடத்திலும் வழக்கமாக இல்லை. இப்போது அதுதான் முறை. அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டில், கழலை ஆபரேஷன் என்றாலே உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. அதைப் பாதுகாப்பானதாக மாற்றியதில் பெரும் பங்கு வகித்த கோக்கர் என்ற சுவிஸ் டாக்டருக்கு 1909-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

அபூர்வம் என்றால் எவ்வளவு என்று கேட்டாய். தற்காலிகமாக ஒரு நாண் அசையாமல் போவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை. பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது, இழுபட்டு மயங்கியிருக்கும். ஆறு மாதத்துக்குள் அதிகம் பேருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும். நிரந்தரமாகப் போவது நூற்றில் ஒருவர் இருவர், கைதேர்ந்தவர்களிடம் அதற்கும் குறைவு. உனக்கு ஒரு பாதிதான் எடுக்கிறார்கள், ஆகவே ஒரு பக்கத்து நரம்புக்கு மட்டும்தான் ஆபத்து. இரண்டு நாணும் ஒன்றாக நின்றுபோய் மூச்சுத் திணறும் பயங்கரம் தைராய்டு முழுவதையும் எடுப்பவர்களுக்குத்தான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் ஒன்று. நரம்புக்கு எதுவும் ஆகாமலேயே குரல் மாறும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான் நோயாளிகள் பயந்து போகிறார்கள். மயக்கத்துக்குப் போட்ட டியூப் நாண்களை உரசியிருக்கும். கழுத்தின் முன்பக்கத் தசைகளை விலக்கித்தான் உள்ளே போயிருப்பார்கள். பிறகு அந்த இடம் வீங்கும், தழும்பு இழுக்கும். குரல் கட்டை, சீக்கிரம் களைப்பு, விழுங்கினால் இறுக்கம், இதெல்லாம் முதல் சில வாரங்களுக்கு நிறையப் பேருக்கு உண்டு, தானாகவும் போகும்.

சென்னைக்காரத் தம்பி சொன்ன பாடகிக்கு வருகிறேன். அவர் 1930-லேயே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மேடையை விட்டு விலகிவிட்டவர். ஆபரேஷனுக்கு முன்பே குரல் இறங்கத் தொடங்கியிருந்தது, நரம்பு வெட்டுப்பட்டது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2001-இல் இரண்டு டாக்டர்கள் பழைய விமர்சனங்களையெல்லாம் தோண்டிப் பார்த்து எழுதினார்கள். புத்தகத்தில் இருப்பதாலேயே அந்தக் கதை உண்மை ஆகிவிடாது.


எபேன் சென்னைக்காரன்

சிஸ்டர், பாடகி கதையை விட்டுவிடுகிறேன். மானிட்டர்?


ரோஸ் ஹில் சிஸ்டர்

நல்ல கருவிதான். ஆனால் அது இருந்தால் நரம்பு தப்பும், இல்லாவிட்டால் போகும் என்பதில்லை. சாதாரண முதல் ஆபரேஷனில், நிரந்தரப் பாதிப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசத்தை ஆய்வுகளால் தெளிவாகக் காட்ட முடியவில்லை. முன்பே ஒருமுறை வெட்டிய கழுத்து, பெரிய புற்றுநோய் என்றால் நிச்சயம் உதவும். முழுத் தைராய்டை எடுக்கும்போது வேறொரு முக்கியமான பயன் உண்டு. முதல் பக்கத்தை எடுத்ததும் சிக்னல் போய்விட்டது என்றால் சர்ஜன் அங்கேயே நிறுத்திக்கொண்டு, இன்னொரு பக்கத்தைப் பல வாரம் கழித்து எடுக்கலாம். இரண்டு நாணும் ஒரே நாளில் போகாமல் இருக்க அது வழி. எது எப்படியானாலும் நரம்பைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாக மெஷின் வராது.

மெஷினை விட முதலில் கேட்க வேண்டியது, வருடத்துக்கு எத்தனை தைராய்டு செய்கிறீர்கள் என்பது. 2017-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், வருடத்துக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று கண்டார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.


குரேப்பிப் மழை

சிஸ்டர் எழுதியதெல்லாம் சரி. அந்த "ஆறு மாதத்தில் சரியாகிவிடும்" என்ற வாக்கியத்தோடு மட்டும் எனக்குத் தீராத வழக்கு உண்டு.

எனக்கு முழுத் தைராய்டையும் எடுத்தார்கள். எங்கே, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கண் விழித்தபோதே குரல் காற்றாகத்தான் வந்தது. டியூப் போட்டதால் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் குடித்தால் புரையேறும், அதுவும் வெறும் தண்ணீருக்குத்தான் அதிகம், கெட்டியான பருப்புக்கு இல்லை. இருமினால் இருமல் வெளியே வராது, ஊதுகிற மாதிரி இருக்கும். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டும். கடையில் வியாபாரம் பார்ப்பவன் நான். போனை எடுத்து அலோ என்றால் அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள், யாரோ விளையாடுகிறார்கள் என்று.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பொறுங்கள், ஆறு மாதம் பார்க்கலாம் என்ற ஒரே பதில். தழும்பைப் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், கால்சியம் பார்த்தார்கள். நாண் அசைகிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்க ஒருவரும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து வேறொரு டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். ஐந்து நிமிட வேலை. இடப்பக்க நாண் அசையவே இல்லை. ஹையலூரானிக் அமிலம் என்கிற ஜெல்லை அந்த நாணுக்குள் ஊசியால் ஏற்றினார், மயக்கம் கூடக் கொடுக்கவில்லை, மரத்துப்போக மருந்து அடித்தார், அவ்வளவுதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதே குரல் வந்தது. என் மனைவி அழுதாள்.

ஜெல் சில மாதத்தில் கரைந்துவிடும். கரைவதற்குள் என் நரம்பும் ஓரளவு விழித்துக்கொண்டது. இதை முதல் மாதத்திலேயே செய்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி.


கோவில் மணி

பார்த்தாயா அம்மா. நான் சொன்னது இதைத்தான்.


குரேப்பிப் மழை

இல்லை ஐயா, நான் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு வந்தது புற்றுநோய். எடுத்ததால்தான் உங்களோடு இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.


பேச்சுப் பயிற்சியாளர்

நான் பேச்சு, குரல் பயிற்சி கொடுப்பவள். சென்னையில் படித்தேன், இப்போது இங்கே வேலை. மழை அண்ணன் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் நேரான பதில் உண்டு. நரம்பு தேற ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது நிரந்தர ஆபரேஷன் செய்வதற்கான காத்திருப்பு. கழுத்தின் முன்பக்கக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, நாணை நடுவே தள்ளி வைக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டு. 1970-களில் இஷ்ஷிகி என்ற ஜப்பானிய டாக்டர் வகுத்தது. அதைச் செய்ய அவசரப்படக் கூடாது, நரம்பு தானாகவே திரும்பலாம். ஆனால் உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதற்கோ, பயிற்சி தொடங்குவதற்கோ, கரையக்கூடிய ஜெல் போடுவதற்கோ காத்திருக்க ஒரு காரணமும் கிடையாது. சீக்கிரம் ஜெல் போட்டவர்களில் குறைவானவர்களுக்கே பிற்பாடு நிரந்தர ஆபரேஷன் தேவைப்பட்டது என்றுகூடச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. "பொறுங்கள்" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை நிபுணர்களின் சங்கம் 2013-இல் தைராய்டு ஆபரேஷனும் குரலும் பற்றித் தனியாகவே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் குரலை மதிப்பிட வேண்டும், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்கிறது. மாறியிருந்தால் நாண் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

டீச்சருக்கு நான் சொல்வது இதுதான். முன்னாலேயே ஒரு தடவை நாண்களைக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருப்பவர்களிலும் சிலருக்கு ஒரு நாண் ஏற்கனவே அசையாமல் இருக்கும், இன்னொன்று ஈடுகட்டிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் போய் ஆபரேஷன் செய்தால் பின்னால் யார் மேல் பழி போடுவது? இரண்டாவது, போனில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு பத்தி வாசியுங்கள், "ஆ" என்று ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறதோ இழுங்கள், கீழ் ஸ்வரத்திலிருந்து உச்சம் வரை ஒரு தடவை ஏறி இறங்குங்கள். சாதாரணமாகப் பதினைந்து நொடிக்கு மேல் "ஆ" நிற்கும். பிறகு அது பத்துக்குக் கீழே போனால் காற்று கசிகிறது என்று அர்த்தம், உடனே காட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்பதால். பேச்சின் உச்சரிப்புக்கு ஒன்றும் ஆகாது. ழ, ள, ல எல்லாம் நாக்கின் வேலை. நாக்கை அசைக்கும் நரம்பு வேறு பாதையில் போகிறது, தைராய்டு சர்ஜன் அதன் பக்கமே போவதில்லை. ஆனால் நாண் சேராதபோது காற்று வீணாகிறது. நெடில் எழுத்தை இழுக்கும்போதே மூச்சு தீர்ந்துபோகும், வாக்கியம் துண்டு துண்டாகும், கடைசிச் சொல் கேட்காது. வகுப்பில் பின் வரிசைப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வது எட்டாது. அதனால் கத்துவீர்கள், கத்தினால் நல்ல நாணும் கெடும்.


சென்-தெனித் தம்பி

பக்கத்துத் தீவு ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். என் சித்தி இங்கே கோவிலில் பாடுபவர். முழுத் தைராய்டு எடுத்தார். பேசினால் ஒரு குறையும் தெரியாது, போனில் கூட அதே குரல். பாட உட்கார்ந்தால் மேல் ஷட்ஜம் வராது. அதற்குக் கீழேயே சப்பென்று நின்றுவிடும். கேமராவில் பார்த்தார்கள், நாண் இரண்டும் நன்றாக அசைகிறது என்றார்கள். அப்படியானால் என்ன? இங்கே டாக்டர் சீட்டு எழுதி ஓர்த்தோஃபோனிஸ்டிடம், அதாவது பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம், அனுப்பினார், அங்கே பயிற்சிக்குப் போகிறார். கொஞ்சம் தேறியிருக்கிறது, பழைய மாதிரி இல்லை.


பேச்சுப் பயிற்சியாளர்

தம்பி, அது இரண்டாவது நரம்பு. குரல்வளைக்கு மேலேயிருந்து வரும் இன்னொரு நரம்பின் வெளிக்கிளை. தைராய்டின் மேல் முனைக்குப் போகும் ரத்தக்குழாயோடு நெருங்கி ஓடுகிறது. அந்தக் குழாயைக் கட்டும்போது மாட்டிக்கொள்ளும். நாணை இழுத்து முறுக்கேற்றும் தசைக்கு அது போகிறது. சுருதி ஏறுவதும் உரக்கக் கூப்பிடுவதும் அந்தத் தசையால்தான். அது பலவீனமானால் நாண் திறக்கும், மூடும், கேமராவில் எல்லாம் சரியாகத் தெரியும், பாடுகிறவருக்கு மட்டும்தான் இழப்பு தெரியும். நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் அந்தத் தசையில் ஊசி வைத்து மின்னோட்டம் பார்க்க வேண்டும்.

டீச்சர் விஷயத்தில் எனக்கு ரெக்கரன்ட் நரம்பைவிட இதுதான் கவலை. அதற்கான மதிப்பீடுகளிலும் ஒருமித்த எண்ணிக்கை இல்லை, ஏனென்றால் பாடாதவர்களுக்குக் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது. ஆகவே சர்ஜனிடம் "நான் பாடுகிறவள்" என்று சொல்லுங்கள். வெறும் "டீச்சர்" என்று சொன்னால் போதாது. மேல் முனையில் குழாய்களை மொத்தமாகக் கட்டாமல், தைராய்டை ஒட்டி ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள், நரம்பைத் தேடிப் பார்ப்பார்கள். தெரிந்தால் கவனம் கூடும்.


எபேன் சென்னைக்காரன்

இதையெல்லாம் படித்த பிறகும் எனக்குச் சென்னைதான் சரி என்று படுகிறது. பெரிய ஊர், நிறைய கேஸ்.


ரோஸ் ஹில் சிஸ்டர்

போகட்டும் தம்பி, தப்பில்லை. ஆனால் கணக்குப் பார். அங்கே போனால் தையல் ஆறியதும் திரும்பிவிடுவார்கள். குரல் பிரச்சினை முகம் காட்டுவதும், கேமரா பார்க்க வேண்டியதும், பயிற்சி தொடங்குவதும் அதற்குப் பிறகுதான். அப்போது ஆபரேஷன் செய்தவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டியதில்லை, நம்ம டீச்சர் இருக்கிற வாக்குவாவிலேயே காது மூக்கு தொண்டைக்கென்று தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே செய்தாலும், பிற்பாடு யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

அப்புறம் குரலோடு சேராத இரண்டு விஷயம், இழையை நீட்டுவதற்கு மன்னிக்கவும். முதல் நாளில் கழுத்து திடீரென்று வீங்கி மூச்சு முட்டினால் அது உள்ளே ரத்தம் கட்டுவது, அந்த நிமிடமே ஆட்களைக் கூப்பிட வேண்டும். முழுத் தைராய்டு எடுத்தவர்களுக்கு உதடும் விரல் நுனியும் கூசினால் கால்சியம் இறங்குகிறது என்று பொருள்.


வாக்குவா டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. தைரியம் வந்து திரும்பவும் சர்ஜனைப் பார்த்தேன். இந்த முறை தாளில் எழுதிக்கொண்டு போனேன், பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் போடுகிற மாதிரி. வருடத்துக்கு எவ்வளவு செய்கிறீர்கள் என்று கேட்டேன், கோபம் இல்லை, 25-ஐத் தாண்டிய எண்ணிக்கைதான். பாடுகிறவள் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த மாதிரிப் பாட்டு, எவ்வளவு மேலே போவாய் என்று கேட்டார். காவடிப் பாட்டு என்றேன். அவருக்கே தெரிந்திருந்தது, கோர் தெ கார்ட் மலைக் கோவிலுக்கு வந்திருக்கிறாராம்.

கேமராவும் விட்டுப் பார்த்தாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது, வலி என்று சொல்ல முடியாது. இரண்டு நாணும் நன்றாக அசைகிறது. பதிவும் செய்துவிட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். வெட்டாமலே கட்டியைச் சூடு வைத்துச் சுருக்கும் முறை ஒன்று இருக்கிறதாமே? அம்மா யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.


ரோஸ் ஹில் சிஸ்டர்

இருக்கிறது. புற்றுநோய் இல்லை என்று ஊசிச் சோதனையில் உறுதியான கட்டிகளுக்குத்தான் பொதுவாக அது. உன் ரிப்போர்ட்டே சந்தேகத்தில் நிற்கிறது, கட்டியை எடுத்துச் சோதித்தால்தான் விடை தெரியும். சூடு வைத்துச் சுருக்கினால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. அந்தச் சூடும் இதே நரம்புக்குப் பக்கத்தில்தான் போகிறது, குரல் பாதிப்பு அதிலும் உண்டு. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.


வாக்குவா டீச்சர்

ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறேன். கட்டி சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. மாமியார் வேண்டுதலுக்கு ஏழு கறி சமைத்தார்.

முதலில் தொண்டை புண்ணாக இருந்தது, இப்போது இல்லை. தண்ணீர் குடித்தால் புரையேறவில்லை, "ஆ" பழைய அளவு நிற்கிறது. கேமராவில் திரும்பவும் பார்த்தார்கள், இரண்டு நாணும் அசைகிறது. ஆனால் சாயங்காலம் ஆனால் குரல் களைத்துவிடுகிறது. நேற்று மெதுவாகப் பாடிப் பார்த்தேன், மேலே போகும்போது நடுவிலேயே காணாமல் போகிறது. தம்பியின் சித்தி ஞாபகம் வந்து தூக்கமே இல்லை.


பேச்சுப் பயிற்சியாளர்

இவ்வளவு சீக்கிரத்தில் அதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது டீச்சர். வீக்கமும் தழும்பும் குரல்வளையை மேலே நகர விடாமல் பிடித்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அது பெரும்பாலும் சில வாரங்களில் இளகும். நரம்பின் வெளிக்கிளை மயங்கியிருந்தாலும் இப்படித்தான். பல பேருக்கு அதுவும் தேறும். இரண்டுக்கும் இப்போது செய்ய வேண்டியது ஒன்றே.

மேல் ஸ்வரத்தைத் தள்ளிப் பிடிக்காதீர்கள். உதட்டை மூடி "ம்" என்று, வலி இல்லாத அளவுக்கு, கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குங்கள். எங்கே காணாமல் போகிறதோ அங்கே நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு ஊதிக்கொண்டே ஸ்வரம் பிடிப்பதும் நல்லது. தொண்டையைக் கனைக்கும் பழக்கம் வேண்டாம். கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு இல்லை, அழுத்திப் பேசும் கிசுகிசுப்பு சாதாரணமாகப் பேசுவதைவிடச் சிரமம் கொடுக்கும். தழும்பைத் தடவிவிடலாமா என்று சர்ஜனிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தினமும் வேண்டாம், தினமும் பார்த்தால் மனசு கெடும்.

தைராய்டு ஹார்மோன் அளவையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். பாதி எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மாத்திரை தேவைப்படலாம். ஹார்மோன் குறைந்தாலே குரல் தடித்துக் கட்டையாகும். அதை நரம்பு என்று நினைத்துக் கலங்குபவர்கள் உண்டு. மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில், டீ காப்பிக்கு அரை மணி முன்னால், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல்.

பள்ளிக்கு ஜனவரியில் போகலாம் என்றே நினைக்கிறேன். இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் இல்லாமல் போக வேண்டாம். தைப்பூசத்தில் அடியெடுத்துக் கொடுப்பது இந்த வருடம் வேண்டாம். பிப்ரவரிக்குள் உச்சம் திரும்பவில்லை என்றால் வந்து என்னைப் பாருங்கள்.


குரேப்பிப் மழை

மைக் செட் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது டீச்சர், கடைக்கு வாங்கினது. இப்போது எனக்குத் தேவையில்லை. பேட்டரி மட்டும் புதிதாகப் போட வேண்டும். ரோஸ் ஹில் பக்கம் வியாழக்கிழமை வருகிறேன், மெட்ரோ ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.


கோவில் மணி

அம்மா, ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததில் சந்தோஷம். என் பேத்தியை அனுப்புகிறேன், அவளுக்குக் குரல் இருக்கிறது, பாட்டுதான் முழுசாகத் தெரியாது. விரதத்துக்குக் கொடியேற்றும் முன்னால் உட்கார்த்தி வைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடு. மெதுவாகச் சொன்னால் போதும், அவளுக்குக் காது கூர்மை. அன்றைக்கு நீ பக்கத்தில் நின்று தாளம் போடு.


வாக்குவா டீச்சர்

அனுப்புங்கள் ஐயா, சனிக்கிழமை காலையில். பேத்திக்கு எந்தச் சுருதி ஒத்துவரும் என்று முன்னாலேயே சொன்னால் பெட்டியை எடுத்து வைக்கிறேன். மழை அண்ணா, வியாழன் மூன்று மணிக்கு ஸ்டேஷனில் இருப்பேன்.